ஹேண்டிகேப் குரோக்கே: கொடுத்த வாய்ப்பை வாங்கிக்கொள்ளுங்கள்

முழங்கால் தேய்ந்தவரிடம் ஊன்றுகோல் வாங்கச் சொன்னால் வாங்கிவிடுவார். வீட்டுக் கதவுக்குப் பின்னால் சாத்தியும் வைத்துவிடுவார். "ஊரில் நாலு பேர் பார்ப்பார்களே" என்பதுதான் காரணம். ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் இயன்முறை சிகிச்சை செய்துவரும் எனக்கு இது பழகிப்போன பதில். உச்சிப்புளிப் பக்கம் மூத்தவர்களும் இளையவர்களும் கலந்து ஆடும் ஹேண்டிகேப் குரோக்கே (திறமை குறைந்தவருக்குக் கூடுதல் வாய்ப்புக் கொடுத்து ஆடும் பந்தாட்டம்) போட்டிக்கு உதவி செய்யப் போனபோது, அதே குணம் புல்தரையிலும் நிற்பதைப் பார்த்தேன்.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். முழு அளவுத் தரை ஏறத்தாழ 32 மீட்டர் நீளம், 25.6 மீட்டர் அகலம். இடம் குறைவு என்றால் ஐந்துக்கு நான்கு என்ற விகிதம் மாறாமல் சுருக்கிக்கொள்ளலாம். தரையில் 6 இரும்பு வளையங்கள், நடுவில் ஒரு முளை. ஒரு பக்கத்துக்கு நீலமும் கறுப்பும், மறுபக்கத்துக்குச் சிவப்பும் மஞ்சளும். நீண்ட காம்புள்ள மரச்சுத்தியால் பந்தை அடித்து ஒவ்வொரு வளையத்தையும் இருமுறை கடந்து, கடைசியில் முளையில் மோதவைக்க வேண்டும். ஒரு பந்துக்கு 13 புள்ளி, இரண்டுக்கும் சேர்த்து 26. வளையத்தைக் கடந்தால் இன்னோர் அடி கிடைக்கும். வேறொரு பந்தில் மோதினால் அதை ஒட்டி உங்கள் பந்தை வைத்து ஓர் அடி, அதன்பின் மேலும் ஓர் அடி. தேர்ந்த கை ஒரே முறையில் பல வளையங்களைக் கடந்துவிடும். எதிராளி நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

இதைச் சமன்செய்யத்தான் ஹேண்டிகேப். எண் கூடக் கூட ஆட்டக்காரர் புதியவர் என்று பொருள். கைதேர்ந்தவருக்குப் பூஜ்யம், அவரையும் மிஞ்சியவருக்கு மைனஸ் எண். 6 எண்காரர் 14 எண்காரரோடு மோதினால், இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம் 8, அத்தனை கூடுதல் முறைகள் 14 எண்காரருக்குச் சேரும். இதை பிஸ்க் என்கிறார்கள். தன் முறை முடிந்தவுடன், அதே பந்தோடு மீண்டும் ஒரு முழு முறை ஆடலாம். மற்ற மூன்று பந்துகளிலும் புதிதாக மோதலாம். அரை பிஸ்க்கும் உண்டு. அதில் புள்ளி எடுக்க முடியாது, பந்துகளை வசதியாக நகர்த்தி வைக்கலாம். எத்தனை பிஸ்க் மீதம் என்று எல்லோருக்கும் தெரிவதற்காகத் தரையோரம் வெள்ளைக் குச்சிகளை நட்டு, எடுக்க எடுக்க ஒவ்வொன்றாகப் பிடுங்குவது வழக்கம். எங்கள் ஊரில் பனை மட்டையைச் சீவிச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டோம்.

ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவருக்கு அப்படி ஏழெட்டுக் குச்சிகள் நட்டிருந்தோம். எதிரே கல்லூரிப் பையன். ஆட்டம் பாதியைத் தாண்டியும் ஒரு குச்சிகூட அசையவில்லை.

"ஐயா, குச்சியெல்லாம் அப்படியே நிற்கிறதே?"

"நிற்கட்டும் தம்பி. பேரன் வயதுப் பையனிடம் தானம் வாங்கியா ஜெயிக்க வேண்டும்?"

தோற்றார். அதைவிட எனக்கு உறுத்தியது அந்தப் பையன் செய்தது. பெரியவர் என்ற மரியாதையில் கடைசி வளையங்களை வேண்டுமென்றே தவறவிட்டுக்கொண்டிருந்தான். குச்சியைத் தொட மறுத்தவர், பையன் கண்ணை மறைத்துப் போட்ட பிச்சையை வாங்கிக்கொண்டார் என்பதுதான் வேடிக்கை. ஹேண்டிகேப் எண்ணை ஒப்புக்கொண்டு களமிறங்கிய பிறகு மெல்ல அடிப்பது மரியாதை ஆகாது. முழு மூச்சாக ஆடுங்கள். வித்தியாசத்தைக் குச்சி பார்த்துக்கொள்ளும்.

வெட்கம் இல்லாதவர்களும் பிஸ்க்கைக் கடைசிக்கென்று சேமித்து வைக்கிறார்கள். எதிராளி முந்திப் போய்விட்ட பிறகு கையில் இருக்கும் பிஸ்க்கால் என்ன பயன்? நான்கு பந்துகளும் தரைக்கு வந்தவுடனேயே ஒன்றிரண்டைச் செலவழித்து, பந்துகளை வளையங்களுக்கு அருகே நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கிருந்து ஐந்தாறு வளையங்களைத் தொடர்ந்து கடக்க வாய்ப்பு உண்டு. கோணம் சரியில்லாத வளையத்தில் பந்தை அடித்துச் சிக்கவைக்காதீர்கள். வளையத்துக்கு நேர் எதிரே மெதுவாக நகர்த்தி வைத்துவிட்டு, "பிஸ்க் எடுக்கிறேன்" என்று உரக்கச் சொல்லுங்கள். எதிராளி ஆடத் தொடங்குவதற்கு முன் சொல்லிவிட வேண்டும். கடைசி ஒன்றை மட்டும் நிறுத்தி வைக்கலாம். அது நிற்கும்வரை எதிராளி பந்துகளைத் துணிந்து நடுவில் விடமாட்டார்.

நடத்துபவர்களுக்கு இதில் பெரிய தலைவலி, எண் கொடுப்பது. யாருக்கும் ஏற்கெனவே பதிவான எண் கிடையாது. போட்டிக்கு முந்தைய வாரங்களில் எல்லோரையும் எல்லோரோடும் ஆடவிட்டு, ஒரு முறையில் சராசரியாக எத்தனை வளையம் கடக்கிறார் என்று குறித்து எண் போடுங்கள். வயதையும் முட்டி வலியையும் பதவியையும் பார்க்காதீர்கள். கடலுக்குப் போவதை நிறுத்திவிட்ட ஒரு மீனவருக்கு, பாவம் பெரியவர் என்று அதிக எண் கொடுக்க ஒருவர் சிபாரிசு செய்தார். ஆடும் படகில் நின்று பழகிய கால்கள். இடுப்பும் தோளும் அசையாமல் நூல் பிடித்தாற்போல் அடிக்கிறார்! திறமையை ஒளித்துவைத்து அதிக எண் வாங்குபவரும் இருப்பார். போட்டியின் நடுவிலும் எண்ணைக் குறைக்கும் உரிமை நடத்துபவருக்கு உண்டு என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டால் பாதிப் பேர் ஒழுங்காகிவிடுவார்கள்.

தரையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உப்புத் தண்ணீரைத் தாங்குவதால் அருகம்புல்லே போதும். குடிப்பதற்கு வரும் காவிரித் தண்ணீரைப் புல்லுக்கு விடுவதை நான் ஏற்கமாட்டேன். மணலில் வளையம் ஆடும். குழியைப் பெரிதாகத் தோண்டிக் கண்மாய்க் களிமண்ணைத் திணித்து இறுக்குங்கள். தை, மாசி நல்ல காலம். காலைப் பனி காய்ந்த பிறகு தொடங்குங்கள், ஈரப் புல்லில் பந்து ஓடாது. ஆடியில் வேண்டாம். 454 கிராம் பந்தைக் காற்று அசைக்காது என்றாலும் மணல் கண்ணைத் திறக்கவிடாது.

உடம்பு விஷயத்துக்கு வருகிறேன். ஓடாத ஆட்டம்தானே என்ற அலட்சியம் ஆபத்தானது. ஒரு முழு ஆட்டம் இரண்டரை, மூன்று மணி நேரம் போகும். கடற்காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுவதால் நீர் இழப்பது தெரியாது. வயதாக ஆகத் தாக உணர்வும் மங்கும். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்று தங்கள் மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். வியர்த்துச் சோர்ந்துபோகிறவர்களுக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் தயாராக இருக்கட்டும்: ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்குத் தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. ஊர்க் கிணற்றின் உவர்நீர் இதற்கு மாற்று ஆகாது. மற்றவர்களுக்கு நீர்மோர் போதும்.

ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் குனிந்து பந்தின் கோட்டைப் பார்த்துவிட்டுச் சட்டென்று நிமிர்ந்தால் தலை சுற்றும். மரச்சுத்தியை ஊன்றி மெதுவாக எழுங்கள். சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலோடு ஆடவே கூடாது. சட்டைப் பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். எதிராளி நீண்ட நேரம் ஆடும்போது நாற்காலியில் உறைந்து போகாதீர்கள், இடையிடையே எழுந்து நாலு அடி நடந்தால் மூட்டு இறுகாது. மணிக்கட்டு வலிக்கிறது என்றால் பெரும்பாலும் பிடி இறுக்கமாக இருக்கிறது. தோளிலிருந்து வீச வேண்டும். முதுகு வலிப்பவர்களுக்குக் காம்பு நீளமான சுத்தி நல்லது.

நிழலில் நாற்காலி போட்டிருந்தும் வெயிலில் நிற்பவர்களை நடத்துபவர் கையைப் பிடித்தே உட்கார வைக்கலாம். கோபித்துக்கொள்ளட்டும்.

ஒரே தரைதான் இருக்கிறது என்றால், பச்சை, பழுப்பு, இளஞ்சிவப்பு, வெள்ளை என்று இன்னொரு தொகுதிப் பந்துகளை வாங்கினால் அதே தரையில் அதே நேரத்தில் இரண்டாவது ஆட்டத்தையும் நடத்தலாம். ஆட்டத்துக்கு நேர வரம்பு வையுங்கள். நேரம் முடிந்தபின் பிஸ்க் எடுக்க முடியாது என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். புள்ளிகளைக் குறைத்துச் சிறிய ஆட்டமாக வைத்தால் பிஸ்க்குகளையும் அதே விகிதத்தில் குறைக்க வேண்டும். ஜும்மா தொழுகை, ஞாயிறு பூசை இரண்டுக்கும் இடம் விட்டு அட்டவணை போடுங்கள். பதிவுப் படிவத்தில் சாப்பிடும் மாத்திரைகளுக்கும் வீட்டார் தொலைபேசி எண்ணுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.