மீத்திறன் கணினி: வேகம் மட்டும் இல்லைங்க

மீத்திறன் கணினி, அதாவது சூப்பர் கம்ப்யூட்டர் என்றால் என்னவென்று கோவையில் கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைகளைக் கேட்டாலும் "ரொம்ப வேகமான கம்ப்யூட்டருங்க" என்றுதான் பதில் வரும். அது பாதிதான் சரி.

'சூப்பர்' லத்தீன் சொல். மேலே, மேற்பட்ட என்று பொருள். 'கம்ப்யூட்டர்' என்பதும் லத்தீனில் கணக்கிடுவதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்ததுதான். முதலில் கணக்குப் போடும் ஆளுக்கே அந்தப் பெயர், எந்திரத்துக்கு அப்புறம்தான் போனது. அமெரிக்கப் பொறியாளர் சீமோர் கிரே வடிவமைத்து 1964இல் வெளிவந்த சிடிசி 6600 எந்திரத்தைத்தான் முதல் சூப்பர் கம்ப்யூட்டர் என்று பலரும் சொல்வார்கள்.

சரி, வித்தியாசம் எங்கே? 2024 நவம்பரில் உலகத்திலேயே முதலிடம் பிடித்த அமெரிக்காவின் எல் கேப்பிடன் நொடிக்கு 17,000 கோடி கோடிக்கும் மேல் கணக்குப் போடுகிறது, ஆனால் அதன் சிபியு, அதாவது கணக்குப் போடும் சிப், ஓடுவது 1.8 கிகாஹெர்ட்ஸில் (நொடிக்கு 180 கோடி துடிப்பு), உங்கள் லேப்டாப்பே அதைவிட வேகமாக ஓடக்கூடும். சோமனூர்ப் பக்கம் ஒரு தறி எவ்வளவு வேகமாக ஓடினாலும் நூறு தறி ஓடும் கூடத்துக்கு ஈடாகாது, அந்த மாதிரிதான் இதுவும்: 1 கோடிக்கும் மேற்பட்ட கருக்கள் (சிப்புக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகள், ஆங்கிலத்தில் 'கோர்') ஒரே கணக்கைப் பங்குபோட்டுச் செய்கின்றன.

பங்கு போட்டால் மட்டும் போதாது. மழைக் கணிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். நிலத்தையும் மேலே உள்ள காற்றையும் கட்டம் கட்டமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் காற்று, ஈரம், வெப்பம் எல்லாம் கணக்கிட வேண்டும், ஒரு கட்டத்தின் விடை பக்கத்துக் கட்டத்துக்கு உடனே தெரிந்தாக வேண்டும், அதனால் கருக்களை இணைக்கும் வலையமைப்புதான் இதன் உயிர். சிறுவாணி மலையில் மழை கொட்டும்போது கோவை நகரத்தில் வெறும் தூறலாக இருக்கும். கட்டம் பெரிதாக இருந்தால் மலையும் சமவெளியும் ஒன்றாகக் கலந்துவிடும். கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கினாலோ கட்டங்கள் நான்கு மடங்காகும், காலத்தையும் பாதிப் பாதியாக நறுக்க வேண்டும், ஆக வேலை கிட்டத்தட்ட எட்டு மடங்கு. அதுவும் மழை பெய்வதற்குள் முடிய வேண்டும்! இதற்காகத்தான் 2024இல் புனேயில் 'அர்கா', நொய்டாவில் 'அருணிகா' என்று இரண்டு எந்திரங்களை நிறுவினார்கள்.

தமிழில் 'அதிவேகக் கணினி' என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. வேகத்தை மட்டும் சொல்லி, கூட்டாகச் செய்யும் திறனை அது விட்டுவிடுகிறது. 'மீ' என்றால் மேல், உயர்ந்த. மீமிசை, மீயொலி என்பதில் வரும் அதே மீதான். லத்தீன் 'சூப்பர்' சொல்வதை இந்த ஓரெழுத்தே சொல்லிவிடும். 'மீக்கணினி' என்பது சுருக்கமாக இருப்பதால் தலைப்புக்கு நன்றாக அமையும். ஆனால் எதில் மேம்பட்டது என்றும் சொல்கிற 'மீத்திறன் கணினி'யே என் தேர்வு.

திருச்சி என்ஐடியில் 2022இல் நிறுவிய மீத்திறன் கணினிக்கு 'பரம் பொருள்' என்றே பெயர். அதன் திறன் 838 டெராஃபிளாப்ஸ், அதாவது நொடிக்கு 8 கோடியே 38 லட்சம் தடவை ஒரு கோடி கணக்குகள்.