"எத்தனை ஜிபி கார்டு?" என்று கேட்பதை முதலில் நிறுத்துங்கள்

இந்த வாரமும் ஒரு தம்பி வந்தார். "அண்ணே, நாலு ஜிபி கிராபிக்ஸ் கார்டு போட்டும் கேம் இழுக்குது. மதர்போர்டு கோளாறா இருக்குமோ?" கேபினெட்டைத் திறந்தால் உள்ளே ஜிடி 730 என்ற கார்டு. மதர்போர்டில் ஒரு கோளாறும் இல்லை. கார்டிலும் இல்லை. இன்னொரு மானிட்டர் மாட்டவும் வீடியோ பார்க்கவும் 2014-இல் வந்த கார்டு அது. அந்த வேலையை இன்றும் ஒழுங்காகத்தான் செய்கிறது. விற்றவர் சொன்னது "நாலு ஜிபி" என்று மட்டும். வாங்கியவர் கேட்டதும் அதை மட்டும்தான்.

கம்ப்யூட்டர் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். பழுதே இல்லாத கம்ப்யூட்டரைப் பழுது பார்க்கச் சொல்லி வருகிறவர்களில் பாதிப் பேரின் கதை இதுதான். சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது என்பதால் ஒருமுறை எழுதியே வைத்துவிடுகிறேன்.

ஜிபி என்பது கார்டின் வேகம் அல்ல. கார்டின் மேல் இருக்கும் மெமரியில் எவ்வளவு கொள்ளும் என்ற கணக்கு, அவ்வளவுதான். படத்தை உருவாக்குவது நடுவில் இருக்கும் சில்லு. அது எந்தத் தலைமுறைச் சில்லு, அதில் எத்தனை கோர்கள் (கணக்குப் போடும் பகுதிகள்), மெமரியிலிருந்து நொடிக்கு எவ்வளவு தரவை அதனால் இழுக்க முடியும், இவைதான் எஃப்பிஎஸ்ஸை, அதாவது நொடிக்கு எத்தனை படங்கள் திரையில் வரும் என்பதை, தீர்மானிக்கின்றன. குளத்தைப் பெரிதாக வெட்டிவிட்டு மதகைக் கையகலத்துக்கு வைத்தால் வயலுக்குத் தண்ணீர் எப்போது போய்ச் சேரும்?

எண்களாகவே பாருங்கள். டிடிஆர்3 என்ற பழைய வகை மெமரியும், அதற்கும் சில்லுக்கும் நடுவே 64 பிட் அகலப் பாதையும் கொண்ட ஜிடி 730-இல் 384 கோர்கள், நொடிக்கு 14.4 ஜிபி தரவு போகும். 2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1050-இல் இருந்தது 2 ஜிபிதான். ஆனால் அதில் 640 கோர்கள், அதுவும் புதிய தலைமுறை. நொடிக்கு 112 ஜிபி. மெமரி பாதி, தரவு போகும் வேகம் ஏறத்தாழ எட்டு மடங்கு. இரண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டு "நாலு பெரிதா, இரண்டு பெரிதா?" என்று கேட்டால் என்ன சொல்வது?

இன்னும் மோசமான ஒன்று உண்டு. ஜிடி 1030 முதலில் 2017-இல் ஜிடிடிஆர்5 என்ற வேகமான மெமரியோடு வந்தது. அடுத்த ஆண்டே அதே பெயரில் டிடிஆர்4 என்ற மெதுவான மெமரியோடு இன்னொன்றை விட்டார்கள். இரண்டிலும் 2 ஜிபிதான். முதலாவதில் நொடிக்கு 48 ஜிபி, இரண்டாவதில் 17 ஜிபிகூட இல்லை. பெயரும் ஒன்று, ஜிபியும் ஒன்று, கார்டு மட்டும் வேறு. இதில் வாங்கியவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்படியென்றால் மெமரியே முக்கியமில்லையா என்று அடுத்த கோடிக்கு ஓடாதீர்கள். ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ 8 ஜிபியிலும் 16 ஜிபியிலும் வந்தது. சில்லும் பாதையும் ஒன்றே. கேமுக்கு 8 ஜிபி போதும்வரை இரண்டிலும் எஃப்பிஎஸ் கிட்டத்தட்ட ஒன்றுதான். டெக்ஸ்ச்சரை (கேமில் தெரியும் பரப்புகளின் நுணுக்கத்தை) உச்சத்தில் வைத்து, கேம் 8 ஜிபியைத் தாண்டிக் கேட்கும்போதுதான் சின்ன கார்டு திக்கித் திணறும். ஆக, மெமரி போதாவிட்டால் கெடுதல். போதுமான அளவுக்கு மேல் இருப்பதால் வேகம் கூடாது. இன்று புதிதாகக் கேமிங்குக்கு என்றே வாங்குகிறவருக்கு 8 ஜிபிக்குக் கீழே போக வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனால் அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, எந்தச் சில்லு.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து "என் கார்டு பத்து ஜிபி காட்டுதே" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. விண்டோஸ் உங்கள் ரேமில் பாதி வரை கார்டோடு பகிரலாம் என்று கணக்கு வைத்து, அதையும் கூட்டிக் காட்டுகிறது. அது கார்டின் சொத்து அல்ல, கடன்.

பெயரில் கடைசி இரண்டு எண்களைப் படிக்கப் பழகுங்கள். 4060 என்றால் 40 தலைமுறை, 60 அதற்குள் அதன் தரம். 30 என்று முடிவதைக் கையில் வைத்துக்கொண்டு 60-இன் வேலையை எதிர்பார்க்காதீர்கள். அதோடு நிறுத்தாமல் பின்னால் ஒட்டியிருப்பதையும் படியுங்கள். 8 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050-இல் 2560 கோர்கள். 2024-இல் வந்த 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050-இல் 2304 கோர்கள், பாதையும் 128 பிட்டிலிருந்து 96 பிட்டாகக் குறுகிவிட்டது. குறைந்தது 2 ஜிபி மட்டும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். (அந்த 6 ஜிபி கார்டு 70 வாட்டில் ஓடும், பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் தனி பவர் ஒயரே இல்லாமல் மாட்டலாம். அதற்கென்றே தேடுகிறவருக்கு நல்ல கார்டு. பெயரில்தான் வம்பு.)

போலிக்கு வருவோம். ஜிடிஎஸ் 450, ஜிடிஎக்ஸ் 550 டிஐ போன்ற பழைய கார்டுகளின் பயாஸை (கார்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருளை) மாற்றி எழுதி, "1050 டிஐ 4 ஜிபி" என்று பெட்டியில் போட்டு விற்கிறார்கள். விண்டோஸும் அப்பாவியாக அதே பெயரைக் காட்டும். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் 2018 முதல் இப்படிப்பட்ட போலிகளைப் பெயருக்கு முன்னாலேயே குறிப்பிட்டுக் காட்டிக்கொடுக்கிறது. இன்னொரு அடையாளம், பழைய நீல நிற விஜிஏ துளை. இந்தச் சில்லுகளைத் தரும் என்விடியா நிறுவனத்தின் 10 வரிசையில் (1050 டிஐயும் அதில்தான்) அனலாக் வெளியீடே கிடையாது. 1050 டிஐ என்கிறார்கள், பின்னால் விஜிஏ துளை தெரிகிறது என்றால் கையை எடுத்துவிடுங்கள்.

பழைய கார்டு வாங்குவதே தவறு என்று நான் சொல்லவில்லை. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற டிஜிட்டல் நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டு, கார்டு வைத்து அதைத் தோண்டும் வேலை (மைனிங்) முடிந்ததும் எத்தனையோ கார்டுகள் சந்தைக்கு வந்தன. நன்றாக ஓடுபவையும் அவற்றில் உண்டு. மைனிங் என்றதும் அலற வேண்டாம். சில்லு பெரும்பாலும் தாங்கிவிடும். தேய்வது ஃபேன், காய்வது சூட்டைக் கடத்தும் தெர்மல் பேடு. உங்கள் கண்ணெதிரே அரை மணி நேரம் கனமான கேம் ஒன்றை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். திரையில் புள்ளியோ கோடோ வந்தால், ஃபேன் கரகரத்தால், வேண்டாம். "இப்ப கரண்ட் இல்லைங்க, வீட்டுல போய்ப் போட்டுப் பாருங்க" என்றால் வீட்டுக்குக் கார்டு இல்லாமலே போங்கள்.

பவர் சப்ளை விஷயத்தில் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பெட்டியில் போட்டிருக்கும் வாட்டை நம்பாதீர்கள். பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட் வரிசையைப் படியுங்கள். 500 வாட் என்று பெரிதாகப் போட்டு, 12 வோல்ட்டில் 18 ஆம்பியர் என்று சிறிதாக எழுதியிருந்தால் கார்டுக்கும் ப்ராசஸருக்கும் சேர்த்துக் கிடைப்பது 216 வாட்தான். 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைச் சொல்வது. பாதுகாப்புச் சான்று அல்ல. கார்டுக்கு மின்சாரம் தரும் 8 பின் இணைப்பு 150 வாட் வரை தரவேண்டியது. ஒயர் இல்லை என்று ஹார்ட் டிஸ்க் ஒயரிலிருந்து மாற்றி மாட்டும் அடாப்டரை யாராவது நீட்டினால் தயவுசெய்து வாங்காதீர்கள். உருகிய பிளக்குகளைப் பார்த்துச் சொல்கிறேன். புதிய 16 பின் இணைப்பு வைத்த கார்டு என்றால் பிளக் முழுக்க உள்ளே போய்விட்டதா என்று கண்ணால் பாருங்கள், கையால் அல்ல.

மற்றவை சுருக்கமாக. கேபினெட்டுக்குள் இடத்தை டேப் வைத்து அளந்துவிட்டு வாங்குங்கள். உங்கள் மானிட்டர் 1080பி, 60 ஹெர்ட்ஸ் என்றால் 4கே கார்டு எதற்கு? 4கே திரையில் புள்ளிகள் சரியாக நான்கு மடங்கு. அந்த உழைப்புக்குத்தான் அந்தப் பணம். பழைய மதர்போர்டு என்றால் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியைத் தவிர்த்துவிடுங்கள், மதர்போர்டோடு பேச அதில் இருப்பது நான்கு பிசிஐஇ தடங்கள்தான். மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டில் மூச்சு வாங்கும். இன்டெல் ஆர்க் வாங்குவதற்கு முன் உங்கள் மதர்போர்டு பயாஸில் ரீசைசபிள் பார் (ப்ராசஸர் கார்டின் மெமரி முழுவதையும் ஒரேயடியாக எட்ட உதவும் வசதி) இருக்கிறதா என்று பாருங்கள். எந்த கார்டானாலும், நீங்கள் விளையாடும் கேமை உங்கள் திரை அளவில் ஓட்டிக் காட்டும் இரண்டு மூன்று சோதனைகளைப் பார்த்த பிறகே காசை எடுங்கள். சராசரி எஃப்பிஎஸ்ஸோடு, மிக மெதுவாக ஓடும் கடைசி ஒரு சதவீத எஃப்பிஎஸ்ஸையும் பாருங்கள். கேம் திக்குவது அங்கேதான் தெரியும்.

நல்ல கார்டே வாங்கி மாட்டியும் துளிகூட வித்தியாசம் தெரியவில்லை என்றால், என்னிடம் தூக்கிக்கொண்டு வருவதற்கு முன் கேபினெட்டின் பின்பக்கம் எட்டிப் பாருங்கள். மானிட்டர் ஒயரைக் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகியிருப்பீர்கள். அதை மாற்றிச் செருகக் கூலி வாங்க எனக்கே கூச்சமாக இருக்கிறது.