ஹீட்சிங்க்: வெப்ப உறிஞ்சியா, வெப்ப வடிகாலா?

கேமிங் கணினிக்குக் கிராபிக்ஸ் கார்டு வாங்குகிறவர்கள் சில்லின் பெயரையும் நினைவக அளவையும் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். ஆனால் கார்டைக் கையில் எடுத்தால் கனப்பது வேறொன்று. மெல்லிய மின்சுற்றுப் பலகை ஒன்று, அதன்மேல் நெருக்கமாக அடுக்கிய உலோகத் தகடுகள், அதற்கும் மேல் இரண்டு மூன்று விசிறிகள். எடையில் பெரும்பங்கு அந்தத் தகட்டு அடுக்குக்கே போகிறது. அதன் பெயர்தான் ஹீட்சிங்க்.

பொருளை இப்படிச் சொல்லலாம்: சூடாகும் ஒன்றின்மேல் படிந்து நின்று, அதன் வெப்பத்தை வாங்கி, பரந்த மேற்பரப்பின் வழியே காற்றிடமோ நீரிடமோ கொடுத்துவிடும் உலோகப் பாகம். வாங்குவது, கொடுப்பது என்று இரண்டு வேலைகள். இரண்டாவது வேலை அந்த ஆங்கிலப் பெயரில் இல்லை. தமிழில் அதிகம் புழங்கும் 'வெப்ப உறிஞ்சி'யிலும் இல்லை. கூலர், பேஸ்ட், பேட், விசிறி என்று தேடி வாங்குகிறவர்கள் பணத்தைத் தவறான இடத்தில் போடுவதற்கு இந்த விடுபடலும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

'சிங்க்' என்றதும் பாத்திரம் கழுவும் தொட்டிதான் நினைவுக்கு வரும். ஹீட்சிங்கில் இருப்பதும் அதே சொல்தான். பழைய ஆங்கிலத்தில் 'சின்கன்' என்ற வினைச்சொல் இருந்தது. மூழ்கு, அமிழ், கீழே போ என்பது அதன் பொருள். ஜெர்மனில் இன்றும் 'ஸிங்கன்' என்கிறார்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் இது பெயர்ச்சொல்லானபோது, கழிவுநீர் போய் விழும் குழியைக் குறித்தது. சமையலறைத் தொட்டி பிறகு வந்தது.

குழியைக் குறித்த சொல் வெப்பத்துக்கு வந்த கதையில் ஒரு பழைய அறிவியல் நம்பிக்கை இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு பாய்மம் என்றே பலரும் கருதினார்கள். 'கலோரிக்' என்று அதற்குப் பெயர். பிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோ 1824ல் நீராவி எந்திரத்தின் ஆற்றலை விளக்கியபோது, உயரத்திலிருந்து விழும் நீர் சக்கரத்தைச் சுற்றுவதுபோல, சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குக் கலோரிக் இறங்கும்போது வேலை நடக்கிறது என்றார். கலோரிக் கொள்கை பின்னால் கைவிடப்பட்டது. ஆனால் வெப்பம் 'பாய்கிறது', ஓரிடத்தில் 'ஊற்றெடுக்கிறது', இன்னோரிடத்தில் 'போய் விழுகிறது' என்ற பேச்சு அறிவியலில் நிலைத்துவிட்டது. ஊற்றுக்கு 'சோர்ஸ்', விழும் இடத்துக்கு 'சிங்க்'.

வெப்ப இயக்கவியலில் சிங்க் என்பதற்கு ஒரு கறாரான இலக்கணம் உண்டு. எவ்வளவு வெப்பத்தைக் கொட்டினாலும் தன் வெப்பநிலை மாறாத அளவுக்குப் பெரியதாக அது இருக்க வேண்டும். கடலும் வளிமண்டலமும் அப்படிப்பட்டவை. ஒரு கிலோ அலுமினியம் அப்படிப்பட்டதா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ அலுமினியத்தின் சூட்டை ஒரு டிகிரி ஏற்ற ஏறக்குறைய 900 ஜூல் போதும். 300 வாட் இழுக்கும் கார்டு நொடிக்கு 300 ஜூல் வெப்பத்தைத் தள்ளுகிறது. அதாவது மூன்று நொடிக்கு ஒரு டிகிரி. அந்த உலோகம் வாங்கிக்கொண்டு மட்டுமே இருந்தால், 30 டிகிரியில் தொடங்கி மூன்றே நிமிடத்தில் 90 டிகிரிக்குப் போய்விடும். விளையாட்டு அப்போதுதான் சூடுபிடித்திருக்கும்.

ஆகவே கணினிக்குள் இருக்கும் உலோகத்துக்கு 'உறிஞ்சி' என்ற பெயர் பொருந்தாது. கொள்கையளவில் சிங்க் என்று சொல்லத் தக்கது அறைக் காற்று. உலோகம் அங்கே போகும் வழி.

தமிழில் என்ன சொல்லலாம்? 'வெப்பத் தொட்டி' என்பது சமையலறை சிங்க்கை அப்படியே தூக்கி வந்து வைத்தது, அதனால் வேண்டாம். 'வெப்ப மடு' அழகாகத்தான் இருக்கிறது. மடு என்றால் ஆற்றில் நீர் ஆழ்ந்து தேங்கும் இடம், சிங்க் என்பதன் மூலப்பொருளுக்கு மிக அருகில் வருவது. வெப்ப இயக்கவியல் பாடத்தில் கடலையும் வளிமண்டலத்தையும் குறிக்க அது நன்றாக உதவும். ஆனால் தகட்டு அடுக்கில் எதுவும் தேங்கக் கூடாது. அங்கே எனக்குச் சரியாகப் படுவது 'வெப்ப வடிகால்'. வடி என்ற வினை கஞ்சி வடிப்பதிலும் மழைநீர் வடிவதிலும் இருக்கிறது, கால் என்பது வாய்க்காலில் உள்ள அதே கால், நீரோடும் பாதை. பழந்தமிழில் 'கால்' என்ற சொல்லுக்குக் காற்று என்றும் பொருள் உண்டு. இந்தச் சொல்லமைப்பில் அந்தப் பொருள் வரவில்லை என்றாலும், கடைசியில் காற்றிடம் முடிகிற ஒரு பாகத்துக்கு இது நல்ல பொருத்தம்.

தகட்டு அடுக்கு, விசிறி, உறை எல்லாம் சேர்ந்த முழுத் தொகுதியைக் கடைகளில் 'கூலர்' என்பார்கள். அதற்கு 'குளிர்விப்பான்' என்று எழுதுகிறார்கள். ஏசியும் குளிர்சாதனப் பெட்டியும் செய்வது குளிர்விப்பு. சுற்றியுள்ள காற்றைவிடக் கீழே வெப்பநிலையைக் கொண்டுபோவது அவற்றின் வேலை. கார்டின் கூலரால் அது ஒருநாளும் ஆகாது. அது செய்வது சூடு ஆற்றுவது. டீ ஆற்றுகிறவர் நீளமாக இழுத்து ஊற்றும்போது, டீயின் மேற்பரப்பு விரிந்து காற்று படுகிறது, சூடு இறங்குகிறது. தகடுகளும் விசிறியும் செய்வது இதே வேலைதான். அதனால் கூலருக்கு 'சூடாற்றி' என்ற சொல்லை நான் முன்வைக்கிறேன். ஆற்றுதல் என்ற வினை நம் வாயில் ஏற்கெனவே இருக்கிறது, புதிதாக ஆக்க வேண்டியதில்லை.

இந்த வேறுபாடு பணத்தோடும் தொடர்புடையது. சூடாற்றி எப்போதும் அறை வெப்பநிலைக்கு மேல்தான் நிற்கும். எவ்வளவு மேல் என்பதை 'வெப்பத் தடை' சொல்லும், வாட்டுக்கு இத்தனை டிகிரி என்ற கணக்கில். ஒரு சூடாற்றியின் தடை வாட்டுக்கு 0.15 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 300 வாட் கார்டு அறையைவிட 45 டிகிரி கூடுதலாக ஓடும். 22 டிகிரி அறையில் எடுத்த சோதனையில் 67 என்று வரும். அதே கார்டு சென்னை மே மாதத்தில், ஏசி இல்லாத 37 டிகிரி அறையில் 82ஐத் தொடும். குளிர்நாட்டு விமர்சகர்களின் எண்களை நம்பி வாங்குகிறவர்கள் இந்தக் கூட்டலைத் தாங்களே போட்டுப் பார்க்க வேண்டும். எல்லை தாண்டினால் கார்டு தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். ஆர்டிஎக்ஸ் 4090க்கு என்விடியா குறித்திருக்கும் எல்லை 90 டிகிரி.

இனி வடிகாலைச் சில்லிலிருந்து தொடங்கிப் பின்தொடர்வோம். வாங்க வேண்டிய பொருள்கள் ஒவ்வொன்றாக அந்த வழியிலேயே வரும்.

முதலில் 'தெர்மல் பேஸ்ட்'. இதை 'வெப்பப் பசை' என்று எழுதுகிறார்கள், மாற்ற வேண்டிய பழக்கம் இது. பசை ஒட்டும், இது ஒட்டக் கூடாது. உண்மையிலேயே ஒட்டும் வெப்பப் பசை என்று தனியாக ஒரு பொருள் விற்கிறது. சிறு தகடுகளை நிரந்தரமாக ஒட்ட அதைப் பயன்படுத்துவார்கள். பெயரில் ஏமாந்து அதைச் சில்லின்மேல் தடவினால் பிறகு சூடாற்றியைக் கழற்றும்போது சில்லும் சேர்ந்து உடையலாம். 'வெப்பக் களிம்பு' என்பதே சரி. சில்லின் மேற்பரப்பும் உலோகத்தின் அடிப்பரப்பும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் இடையில் நுண்ணிய பள்ளங்கள் உண்டு, அவற்றில் காற்று அடைபடும். செம்பின் வெப்பக் கடத்துதிறன் ஏறக்குறைய 400, அலுமினியத்துக்கு 237, காற்றுக்கு வெறும் 0.026. அலகு மூன்றுக்கும் ஒன்றே, மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு வாட். நல்ல களிம்பு இந்த அளவில் 5 முதல் 12 வரை வரும். செம்போடு ஒப்பிட்டால் களிம்பு மோசம், காற்றோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல். பள்ளத்தை நிரப்பும் அளவுக்கு மெல்லிதாக இருந்தால் போதும்.

கிராபிக்ஸ் சில்லுக்கு இன்னொரு தொல்லை உண்டு. ப்ராசஸரில் இருப்பதுபோல மேலே உலோக மூடி கிடையாது, சிலிக்கான் திறந்தே கிடக்கும். சூடேறி ஆறும் ஒவ்வொரு முறையும் அது மிக நுண்ணிய அளவில் வளைந்து நிமிர்வதால், களிம்பு ஓரத்துக்குத் தள்ளப்பட்டு நடுவில் வறண்டுபோகும். இதனால்தான் ஹனிவெல்லின் பிடிஎம்7950 போன்ற நிலைமாறும் தாள்களைப் பலர் விரும்புகிறார்கள். சாதாரணச் சூட்டில் தாள்போல இருந்து, 45 டிகிரி வாக்கில் இளகிப் படியும். கார்டுக்கு ஒன்று வாங்குவதானால் நான் இதைத்தான் சொல்வேன். காலியம் கலந்த திரவ உலோகத்தைச் சொல்ல மாட்டேன். அது கடத்துவதில் எல்லாவற்றையும் மிஞ்சும், ஆனால் அலுமினியத்தை அரித்துவிடும், மின்சாரத்தையும் கடத்தும். ஒரு துளி சிந்தினால் கார்டு போய்விடலாம்.

'தெர்மல் பேட்' என்பது நினைவகச் சில்லுகளுக்கும் மின்சீராக்கிப் பாகங்களுக்கும் வைக்கும் மெத்தென்ற தாள். 'வெப்பத் திண்டு' எனலாம். இதில் கடத்துதிறன் எண்ணைவிட முக்கியமானது தடிமன். 0.5, 1, 1.5, 2 மில்லிமீட்டர் என்று கிடைக்கும். கூடுதல் தடிமனில் வைத்தால் சூடாற்றி தூக்கிக்கொண்டு முதன்மைச் சில்லின்மேல் சரியாக அமராது. குறைந்தால் நினைவகத்தைத் தொடாது. பழைய திண்டை அளக்காமல் புதியதை வாங்கவே கூடாது. ஆர்டிஎக்ஸ் 3090ல் 24 நினைவகச் சில்லுகளில் 12 கார்டின் பின்பக்கம் இருக்கின்றன, அவற்றின் சூடு பின்தகட்டுக்குத்தான் போக வேண்டும். அந்தக் கார்டில் பின்தகடும் வடிகாலின் ஒரு கிளை. பல கார்டுகளில் அது அழகுக்கும் உறுதிக்கும் மட்டுமே.

அடுத்தது 'ஹீட் பைப்', வெப்பக் குழாய். பெயருக்கேற்ப நடப்பதால் இதைத் திருத்த வேண்டியதில்லை. காற்றை வெளியேற்றிய செம்புக் குழாய்க்குள் கொஞ்சம் நீர். சூடான முனையில் அது ஆவியாகி, தகட்டு முனையில் திரும்ப நீராகி, உட்சுவரில் உள்ள நுண்துளைத் திரி வழியாகத் திரும்பி வரும். இந்தக் கருத்துக்கு 1944லேயே ஜெனரல் மோட்டார்ஸின் ரிச்சர்ட் காக்லர் காப்புரிமை பெற்றிருந்தார். 1963ல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் அதைத் தனியே கண்டறிந்து செய்துகாட்டிய பிறகுதான் பரவியது. குழாயைத் தட்டையான அறையாக விரித்தால் 'வேப்பர் சேம்பர்', ஆவியறை. இதில் நீரின் அளவு எவ்வளவு முக்கியம் என்பது ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ் வந்தபோது தெரிந்தது. 2022 டிசம்பரில் வெளியான அந்தக் கார்டுகள் சிலவற்றில் மிகச்சூட்டுப் புள்ளி, அதாவது சில்லிலேயே அதிகம் சூடாகும் இடம், 110 டிகிரியைத் தொட்டது. ஆவியறையில் போதிய நீர் இல்லாததே காரணம் என்று அடுத்த மாதம் நிறுவனமே ஒப்புக்கொண்டது. வெளியே விசிறி எத்தனை வேகமாகச் சுற்றினாலும் இந்தக் குறை தீராது.

தகட்டு அடுக்கின் அளவைச் 'ஸ்லாட்' (கார்டு செருகும் இடம்) கணக்கில் சொல்வார்கள். ஒரு ஸ்லாட் 20.32 மில்லிமீட்டர். மூன்று ஸ்லாட் கார்டு ஏறக்குறைய 61 மில்லிமீட்டர் தடிமன். என்விடியா தானே வெளியிட்ட 4090 அந்தத் தடிமனில் 304 மில்லிமீட்டர் நீளம். கேபினட்டில், அதாவது கணினியின் வெளிப்பெட்டியில், நீளம் பார்ப்பவர்கள் உயரத்தை மறந்துவிடுகிறார்கள். மின்கம்பி வளைவதற்கும் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் இடம் வேண்டும். இவ்வளவு கனத்துக்கு ஒரு தாங்கியும் வேண்டும், விலை குறைவு, தயங்காமல் வாங்கலாம்.

விசிறியில் சொல்ல வேண்டியது ஒன்றுதான். நெருங்கிய தகடுகளுக்கிடையே காற்றை நுழைக்க அழுத்தம் தேவை, ஆகையால் காற்றோட்ட எண்ணோடு, தடையைத் தாண்டிக் காற்றைத் தள்ளும் வலுவைச் சொல்லும் நிலையழுத்த எண்ணையும் பாருங்கள். கார்டின் உறையையும் சிறிய விசிறிகளையும் கழற்றிவிட்டு 120 மில்லிமீட்டர் விசிறிகளைக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சத்தம் நன்றாகக் குறையும், தகடுகள் நல்ல நிலையில் இருந்தால் சூடும் குறையும். உத்தரவாதம் முடிந்த கார்டுக்கு நல்ல வழி.

நீரை ஓடவிட்டுச் சூடாற்றும் நீர்முறைக்குப் போகிறவர்களுக்கு ஒரு சொல்: 'ரேடியேட்டர்' என்றால் கதிர்வீசி என்று பொருள், ஆனால் அது வெப்பத்தை இழப்பது பெரும்பாலும் அதன் வழியே ஓடும் காற்றால். இதையும் சூடாற்றி வகையில் சேர்க்கலாம். 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர் கார்டை அமைதியாக்கும், அறையைக் குளிர்விக்காது. 450 வாட் கார்டு எந்த முறையில் ஆறினாலும் அந்த 450 வாட்டும் அறைக்குள்தான் வரும். ஒரு டன் ஏசியின் திறனில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு அதற்கே போய்விடும்.

புதிதாக எதையும் வாங்குவதற்கு முன் வடிகாலில் எங்கே அடைப்பு என்று பாருங்கள். கண்காணிப்பு மென்பொருளில் சில்லின் சராசரி வெப்பநிலையும் மிகச்சூட்டுப் புள்ளியும் தனித்தனியே தெரியும் கார்டானால், இரண்டுக்கும் 10, 15 டிகிரி இடைவெளி இயல்பு. 25, 30 என்று விரிந்தால் களிம்பிலோ அமர்விலோ சிக்கல், விசிறி மாற்றிப் பயனில்லை. இடைவெளி சரியாக இருந்து இரண்டும் சேர்ந்தே உயர்ந்தால் தகட்டில் தூசி இருக்கலாம் அல்லது கேபினட்டுக்குள் காற்று திரும்பத் திரும்பச் சுழலலாம். பக்கக் கதவைத் திறந்து வைத்து ஓட்டிப் பாருங்கள். ஐந்தாறு டிகிரி இறங்கினால் உங்களுக்கு வேண்டியது கேபினட் விசிறி. அதற்கும் அசையவில்லை என்றால் தூசியைத் துடைத்து, கார்டு இழுக்கும் மின்சாரத்துக்கான உச்ச வரம்பை மென்பொருளில் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். அப்புறம் வேண்டுமானால் புதுச் சூடாற்றி பார்க்கலாம்.