பரிணாமத்தில் 'நம்பிக்கை இல்லை' என்பவர்களுக்கு, நுண்ணுயிரி ஆய்வகத்திலிருந்து

சிறுநீர்த் தொற்றோடு வந்த ஒரு பெரியவரின் கல்ச்சர் ரிப்போர்ட். கிருமியைத் தட்டில் வளர்த்து, எந்த மருந்துக்கு அது சாகிறது என்று பார்க்கும் சோதனை இது. மாத்திரையாகக் கொடுக்கக்கூடிய அத்தனை மருந்துக்கும் நேராக 'ஆர்'. அதாவது, எதுவும் கேட்காது. ஊசியாகப் போடும் ஒன்றிரண்டுக்கு மட்டும் 'எஸ்', அதாவது கேட்கும். நன்றாகப் படித்த மகன், "அப்பா உடம்புக்கு மருந்து பழகிப்போச்சு போல, டாக்டர்" என்றார். உடம்புக்கு எதுவும் பழகவில்லை, மாறியிருப்பது கிருமி, மருந்தைத் தாங்கியவை மட்டும் மிஞ்சிப் பெருகிவிட்டன, இதுதான் இயற்கைத் தேர்வு என்றேன். "அதெல்லாம் பரிணாமம். பொருள்முதல்வாதிகளோட தத்துவம். எங்களுக்கு அதுல நம்பிக்கை இல்லை" என்று முடித்துவிட்டார். பொருள் மட்டுமே உண்மை, கடவுள் இல்லை என்பவர்களைத்தான் அப்படிச் சொல்கிறார்.

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். மரபணு திடீரென மாறும் சடுதிமாற்றம் எப்படி நடக்கிறது என்றெல்லாம் இங்கே விளக்கப் போவதில்லை. அது பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது.

பரிணாமக் கோட்பாட்டில் கடவுளுக்கு இடமில்லை, ஆகவே அது கடவுள் மறுப்பு என்பதுதான் இவர்களின் வாதம். ரத்தச் சர்க்கரைப் பரிசோதனையிலும் கடவுளுக்கு இடமில்லை. அதை யாரும் நாத்திகம் என்று சொல்லி மறுப்பதில்லை. சோதித்துப் பார்க்கக்கூடிய காரணங்களை மட்டுமே தேடுவது அறிவியல் தன் வேலைக்குப் போட்டுக்கொண்ட வரம்பு. அந்த வரம்புக்கு வெளியே என்ன இருக்கிறது என்று அது சொல்வதில்லை. 'இயற்கைக்கு அப்பால் எதுவுமே கிடையாது' என்பதுதான் பொருள்முதல்வாதம், அது முற்றிலும் வேறு கூற்று. அதை நான் எந்தத் தட்டிலும் வளர்த்துப் பார்க்க முடியாது. தத்துவம் என்று சொல்வதானால் அதைச் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி மேடையில் விற்கும் விஞ்ஞானிகளும் உண்டு. அவர்கள் மீதும் எனக்குக் கோபம்தான்.

வரலாற்றையாவது பாருங்கள். டார்வினோடு சேர்த்து 1858இல் இயற்கைத் தேர்வை முன்வைத்த வாலஸ், பின்னாளில் ஆவிகளோடு பேசலாம் என்று நம்பியவர். இயற்கைத் தேர்வுக்குக் கணித அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான ரொனால்டு ஃபிஷர் பக்தியுள்ள ஆங்கிலிக்கன் கிறிஸ்தவர். மரபியலையும் பரிணாமத்தையும் இணைத்த டோப்ஜான்ஸ்கியும் கிறிஸ்தவர்தான். மறுபக்கம், பொருள்முதல்வாதத்தையே அரசின் கொள்கையாக வைத்திருந்த சோவியத் ஒன்றியம் என்ன செய்தது? வேளாண் விஞ்ஞானி லைசென்கோவின் பேச்சைக் கேட்டு 1948இல் மரபியலையே தடை செய்தது. டார்வின் பெயரை வாயில் வைத்துக்கொண்டே, வாழும்போது சூழலால் பெற்ற பண்புகள் பிள்ளைக்கும் இறங்கும் என்று சாதித்தார்கள். எதிர்த்த விஞ்ஞானிகள் வேலை இழந்தார்கள். லைசென்கோவை எதிர்த்த தாவர மரபியலாளர் வாவிலோவ் அதற்கு முன்பே, 1943இல், சிறையில் இறந்துபோயிருந்தார். பரிணாமம் பொருள்முதல்வாதத்தின் பிள்ளை என்றால், பெற்ற வீட்டில் ஏன் இந்த அடி?

அறிவியல் தத்துவ அறிஞர் கார்ல் பாப்பரே பரிணாமம் அறிவியல் அல்ல என்று சொல்லிவிட்டார் என்று சிலர் எடுத்து நீட்டுவார்கள். இயற்கைத் தேர்வைச் சோதிக்க முடியுமா என்று அவர் சந்தேகப்பட்டது உண்மை. அந்தக் கருத்தை மாற்றிக்கொண்டதாக 1978இல் அவரே எழுதியதும் உண்மை. இரண்டாவதை மட்டும் ஏனோ யாரும் சொல்வதில்லை.

சோதனை என்றால் எப்படி? மருந்துதான் கிருமியை மாற்றுகிறதா, அல்லது மருந்து வருவதற்கு முன்பே தாங்கக்கூடியவை கூட்டத்தில் இருந்தனவா? பதில் எந்தப் பக்கமும் போயிருக்கலாம். 1952இல் எஸ்தர், ஜோஷுவா லெடர்பர்க் என்ற விஞ்ஞானித் தம்பதியர் ஒரு வெல்வெட் துணியை எடுத்தார்கள். பாக்டீரியா வளர்ந்த தட்டின் மேல் அதை ஒற்றி, மருந்து கலந்த பல தட்டுகளில் அதே அச்சைப் பதித்தார்கள். மருந்துதான் மாற்றுகிறது என்றால், பிழைத்தவை ஒவ்வொரு தட்டிலும் வெவ்வேறு இடத்தில் முளைத்திருக்க வேண்டும். எல்லாத் தட்டிலும் ஒரே இடத்தில் முளைத்தன. தாங்கக்கூடியவை மருந்தையே பார்க்காத முதல் தட்டிலேயே இருந்திருக்கின்றன. மருந்து செய்தது, மற்றவற்றைக் கொன்று இவற்றுக்கு இடம் விட்டதுதான். சூழலே பண்பை மாற்றும் என்ற லைசென்கோவின் கருத்து தோற்றதும் இதே இடத்தில்தான். கேள்வி கேட்டது துணி, பதில் சொன்னது பாக்டீரியா. இதில் தத்துவம் எங்கே வந்தது?

'பாக்டீரியா பாக்டீரியாவாகத்தானே இருக்கிறது' என்பார்கள். நியாயமான கேள்வி. ஒரு உயிரினம் வேறொன்றாகப் பிரிந்ததற்குச் சான்று வேண்டுமானால் நம்மையே பாருங்கள். மனிதனுக்கு 23 ஜோடி குரோமோசோம், சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் 24. பொது மூதாதை உண்மையென்றால், நம்மிடம் எங்கோ இரண்டு ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டிய தழும்பு இருந்தே ஆக வேண்டும். நம் இரண்டாம் குரோமோசோமின் நடுவே, வழக்கமாகக் குரோமோசோமின் நுனியில் மட்டும் இருக்கும் டி.என்.ஏ. வரிசை இருக்கிறது. இல்லாமல் போயிருந்தால் கோட்பாடு பெரிய சிக்கலில் மாட்டியிருக்கும்.

இது வெறும் வாதமாக இருந்தால் நான் கவலைப்பட மாட்டேன். காசநோய்க்கு ஏன் ஒரே சமயத்தில் நான்கு மருந்து தருகிறோம்? 1940களில் ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியாகக் கொடுத்தபோது தேறிய பலர் மீண்டும் விழுந்தார்கள். தாங்கிய கிருமிகள் மிஞ்சிவிட்டன. ஒரே கிருமி தற்செயலாக இரண்டு மூன்று மருந்தை ஒருசேரத் தாங்குவது அரிதிலும் அரிது. அந்தக் கணக்கில்தான் நோயாளிகள் இன்று பிழைக்கிறார்கள். உங்களுக்கு அதில் நம்பிக்கை இருக்கிறதா என்று கிருமி கேட்காது. என் ரிப்போர்ட்டிலும் அதற்குக் கட்டம் கிடையாது.

ஆகவே, தயவுசெய்து. சாதாரணச் சளிக்கு ஆன்டிபயாடிக் கேட்டு டாக்டரை நச்சரிக்காதீர்கள். அது வைரஸ், அதற்கு இந்த மருந்து கேட்காது. ஆனால் குடலில் இருக்கும் பாக்டீரியாக்களில் தாங்கக்கூடியவை மட்டும் மிஞ்சும். போன தடவை மிச்சமான மாத்திரையைப் போடாதீர்கள். அடுத்தவருக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். எத்தனை நாள் என்று டாக்டர் சொன்னாரோ அத்தனை நாள். குறைப்பதும் கூட்டுவதும் அவரைக் கேட்டுத்தான். காசநோய் மாத்திரையை, எடை கூடிவிட்டது, இருமல் நின்றுவிட்டது என்று பாதியில் விட்டால் திரும்பி வருவது அடங்காத கிருமி. இதில் மட்டும் நான் திட்டுவேன்.

கல்ச்சருக்குச் சிறுநீரோ சளியோ கேட்டால், அவசரம் இல்லாதவரை, முதல் டோஸுக்கு முன்பே கொடுங்கள். மருந்து போட்டுவிட்டு வந்தால் தட்டில் ஒன்றும் வளராமல் போகலாம், நோய் அப்படியே இருக்கும். பழைய கல்ச்சர் ரிப்போர்ட்டுகளைக் கிழித்துப் போடாதீர்கள். அடுத்த தொற்று வந்தால், புது ரிப்போர்ட் வரும்வரை எந்த மருந்தில் தொடங்கலாம் என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம்.