38 மாவட்டம், ஒரு இலவச ஏபிஐ

தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களுக்கும் வானிலை சொல்லும் சின்னச் செயலி ஒன்றை எழுதப்போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் வெப்பமானியும் இல்லை, செயற்கைக்கோளும் இல்லை. தரவை வேறொருவரின் சர்வரிடம்தான் கேட்டு வாங்க வேண்டும். அப்படிக் கேட்பதற்காக அந்தச் சர்வர் திறந்து வைத்திருக்கும் வாசல்தான் ஏபிஐ.

ஓப்பன்-மீட்டியோ என்ற வானிலைத் தரவுச் சேவையை எடுத்துக்கொள்ளலாம். அட்சரேகை 13.08, தீர்க்கரேகை 80.27 என்று இணைய முகவரியிலேயே எழுதி அனுப்பினால், சென்னையின் இப்போதைய வெப்பநிலை ஜேசன் வடிவில், அதாவது நிரல்கள் எளிதில் படிக்கும் எழுத்து வடிவில், வந்துவிடும். பதிவு செய்ய வேண்டாம், கீ என்ற அடையாளக் குறியீடும் வேண்டாம்.

இது அவர்களுக்கு எப்படிக் கட்டுபடியாகிறது? எந்த இலவச ஏபிஐயைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். இங்கே பதில் தெளிவாக இருக்கிறது. அமெரிக்காவின் நோவா, ஜெர்மனியின் வானிலைத் துறை போன்ற அரசு அமைப்புகள் வரிப்பணத்தில் கணித்துப் பொதுவில் விடும் தரவுதான் இதற்கு அடிப்படை. வணிகத்துக்குப் பயன்படுத்துபவர்கள் கட்டணம் செலுத்துகிறார்கள். உங்கள் செயலியில் விளம்பரம் போட்டாலே அது வணிகப் பயன்பாடுதான். இதைக் கவனிக்காமல் விடுபவர்கள் நிறைய பேர்.

அடுத்தது வரம்பு. ஓப்பன்-மீட்டியோ இலவசமாகத் தருவது ஒரு நாளைக்கு 10,000 கோரிக்கைகள். இப்படிப்பட்ட வரம்பைப் பல சர்வர்கள் ஒரு வாளியைப் போல நடத்துகின்றன. உங்கள் பெயரில் உள்ள வாளியில் சீரான வேகத்தில் டோக்கன்கள் சொட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு டோக்கன் செலவாகும். வாளி வற்றிவிட்டால் தரவுக்குப் பதிலாக 429 என்ற எண் வரும், அதாவது 'அளவுக்கு மீறிக் கேட்டுவிட்டாய்'. உடனே மறுபடி மறுபடி கேட்கும்படி நிரல் எழுதினால் நிலைமை இன்னும் மோசமாகும். பதிலோடு 'ரீட்ரை-ஆஃப்டர்' என்ற குறிப்பு வந்தால் அது சொல்லும் நேரம்வரை காத்திருங்கள். வராவிட்டால் 1, 2, 4, 8 விநாடி என்று இடைவெளியை இரட்டிப்பாக்கிக்கொண்டே போங்கள்.

சரி, 10,000 போதுமா? 500 பேர் தினம் 10 முறை திறக்க, ஒவ்வொரு முறையும் 3 கோரிக்கை போனால் 15,000 ஆகிவிடும். அதற்குப் பதிலாக, உங்கள் சர்வர் மட்டும் 15 நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டு விடையைச் சேமித்து வைக்கட்டும். ஒரு மாவட்டத்துக்கு நாளைக்கு 96, 38 மாவட்டத்துக்கும் சேர்த்து 3,648. பயனர்கள் 500 பேரோ 50,000 பேரோ, இந்த எண் மாறாது! வானிலை நிமிடத்துக்கு நிமிடம் தலைகீழாக மாறுவதில்லை என்பதால் யாருக்கும் குறையும் தெரியாது.

எல்லா வாளியும் இவ்வளவு பெரியதில்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் இடங்களைத் தேடித்தரும் நாமினேட்டிம் சேவையின் பொதுச் சர்வரில் விநாடிக்கு ஒரு கோரிக்கைதான். பயனர் தட்டச்சு செய்யச் செய்ய ஊர்ப்பெயரைப் பரிந்துரைக்க அதைப் பயன்படுத்தவும் கூடாது. தன்னார்வலர்களின் உழைப்பில் வளர்ந்த வரைபடம் அது. அந்த விதியை மதிப்பதுதான் முறை.

அப்புறம், எந்த ஏபிஐயின் பெயரும் உங்கள் நிரலில் ஒரே கோப்புக்குள் மட்டும் இருக்கட்டும். மற்ற பகுதிகள் நீங்களே எழுதிய 'வெப்பநிலை' என்ற ஃபங்ஷனிடம் கேட்கட்டும். வாசல் மூடினால் அந்தக் கோப்பை மட்டும் மாற்றினால் போதும். டார்க் ஸ்கை என்ற வானிலைச் சேவையை 2020 மார்ச்சில் ஆப்பிள் வாங்கியது; அதன் ஏபிஐ 2023 மார்ச்சில் நின்றது. மாறிக்கொள்ள 3 ஆண்டுகள் இருந்தன. ட்விட்டர் 2023 பிப்ரவரியில் இலவச ஏபிஐயை நிறுத்துவதாகச் சொன்னபோது முதலில் கொடுத்த அவகாசம் ஒரே வாரம்.