தபால் ஓட்டில் வரிசை எண் இருக்கிறதே, யாருக்குப் போட்டோம் என்று தெரிந்துவிடாதா?

தேர்தல் வேலைக்குப் போகும் ஆசிரியர்கள், வருவாய்த் துறை ஊழியர்கள் நடுவே ஒவ்வொரு தேர்தலிலும் இந்தப் பேச்சு அடிபடும். தபால் வாக்குச்சீட்டுக்கு ஒரு வரிசை எண் உண்டு. கூடவே தருகிற உறுதிமொழிப் படிவத்தில் (படிவம் 13ஏ) பெயர் எழுதி, கையெழுத்துப் போட்டு, அதே எண்ணையும் குறிப்பிட வேண்டும். அப்புறம் என்ன ரகசியம்?

நியாயமான சந்தேகம்தான். சீட்டையும் படிவத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் யார் யாருக்குப் போட்டார் என்று தெரியும். அப்படி வைத்துப் பார்க்க ஒருவருக்கும் வாய்ப்பு கிடைக்கக் கூடாது என்பதற்காகவே 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளில் பல ஏற்பாடுகள் இருக்கின்றன.

முதலில், எண் எதற்கு? எண் இல்லாத சீட்டு என்றால் கட்டோடு கூடுதலாக அச்சடித்துப் பெட்டியில் திணித்தாலும் பிடிக்க முடியாது. எண் இருந்தால் எத்தனை அச்சானது, எத்தனை கொடுத்தது, எத்தனை மீதி என்று கணக்குக் கேட்கலாம். சீட்டைக் கிழித்துக் கொடுக்கும்போது அதன் அடிக்கட்டையில் வாக்காளரின் பட்டியல் எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். ஆனால் வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயருக்கு நேரே சீட்டு கொடுத்தாயிற்று என்ற அடையாளம் மட்டுமே இருக்கும். எந்த எண் சீட்டு என்று அங்கே எழுதவே கூடாது என்று விதி வெளிப்படையாகச் சொல்கிறது. பட்டியலைப் புரட்டுபவருக்கு நீங்கள் சீட்டு வாங்கியது தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

அடுத்து எண்ணும் நாள். வெளி உறை (13சி) பிரிக்கப்படும். உள்ளே இரண்டு இருக்கும்: உங்கள் உறுதிமொழி, ஒட்டிய சிறிய உறை (13பி). ஓட்டு அந்தச் சிறிய உறைக்குள். உறுதிமொழியில் உங்கள் கையெழுத்தும் சான்றொப்பமும் (அதை உறுதிசெய்து அலுவலர் போடும் கையெழுத்து) இருக்கின்றனவா, அதில் எழுதிய எண்ணும் சிறிய உறைமேல் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்ப்பார்கள். சரியாக இருந்தால் உறுதிமொழி ஒரு பக்கம், பிரிக்காத சிறிய உறை இன்னொரு பக்கம். இப்படி எல்லா உறைகளையும் பார்த்து முடித்தபின், உறுதிமொழிகள் மொத்தத்தையும் ஒரு பொட்டலத்தில் போட்டு முத்திரை வைக்க வேண்டும். அந்த முத்திரை விழுந்த பிறகுதான் முதல் சிறிய உறையைக் கிழிக்கலாம். ஓட்டு வெளியே வரும் நேரத்தில் பெயர் உள்ளே போய்விட்டிருக்கும். எண்ணும் இடத்தில் வேட்பாளரின் முகவராக உட்காருகிறவர்கள் மற்ற எதைக் கவனிக்காவிட்டாலும் இந்த வரிசை மாறாமல் நடக்கிறதா என்பதைக் கவனிக்க வேண்டும்.

உறுதிமொழியைச் சரிபார்க்கும்போதே யாராவது பெயரையும் எண்ணையும் குறித்துக்கொண்டால்? ஏற்பாட்டில் பலவீனமான இடம் என்றால் என் பார்வையில் இதுதான். அதற்குச் சட்டத்தின் பதில், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 128. ஓட்டுப் பதிவிலும் எண்ணிக்கையிலும் வேலை பார்க்கும் அலுவலர் மட்டுமல்ல, கட்சி முகவரும் ரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். மீறினால் மூன்று மாதம் வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

எண்ணி முடித்ததும் சீட்டுகள், அடிக்கட்டைகள், உறுதிமொழிகள், அடையாளமிட்ட பட்டியல் எல்லாம் தனித்தனிப் பொட்டலங்களாக மாவட்டத் தேர்தல் அலுவலர் பொறுப்பில் இருக்கும். 1961 விதிகளில் விதி 93இன்படி, தகுதியுள்ள நீதிமன்றம் உத்தரவிட்டால் தவிர எவரும் அவற்றைத் திறக்க முடியாது. அமைச்சர் கேட்டாலும் சரி, தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டாலும் சரி.

நீதிமன்றத்துக்கு மட்டும் ஏன் அந்த வழி? பஞ்சாப் மாநிலங்களவைத் தேர்தல் வழக்கு ஒன்றில் 1980இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. ரகசியம் வாக்காளரைப் பாதுகாக்க வந்தது, மோசடிக்குக் கவசமாக இருக்க வந்ததல்ல. அதே நேரம், யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று கூண்டில் ஏற்றி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. அந்தப் பாதுகாப்பு அதே 1951 சட்டத்தின் பிரிவு 94இல் இருக்கிறது.

தபால் ஓட்டு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ராதாபுரம் தொகுதி போதும். 2016 சட்டமன்றத் தேர்தலில் அங்கே அதிமுகவின் இன்பதுரை திமுகவின் அப்பாவுவை 49 ஓட்டில் வென்றார். தலைமை ஆசிரியர்கள் சான்றொப்பமிட்ட தபால் ஓட்டுகளைச் செல்லாதவை என்று ஒதுக்கியது வழக்கானது. 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி தபால் ஓட்டுகளும் கடைசி மூன்று சுற்றுகளின் ஓட்டுகளும் மறுபடி எண்ணப்பட்டன. முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. மூன்று வருடம் கழித்தும் பொட்டலத்தைப் பிரித்து எண்ண முடிந்தது என்றால், காகிதம் பத்திரமாக இருந்ததுதான் காரணம். இப்போது தேர்தல் ஆணையத்தின் அறிவுரைப்படி, வெற்றி வித்தியாசம் செல்லாத தபால் ஓட்டுகளின் எண்ணிக்கையைவிடக் குறைவாக இருந்தால், ஒதுக்கிய எல்லாத் தபால் ஓட்டுகளையும் முடிவு அறிவிக்கும் முன் மறுபடி சரிபார்த்தே ஆக வேண்டும்.

ஆகவே தபால் ஓட்டுப் போடுகிறவர்கள் பயப்பட வேண்டியது எண்ணைக் கண்டல்ல, அதைத் தப்பாக எழுதிவிடுவதை. உறுதிமொழி எண்ணும் உறை எண்ணும் மாறினால் சிறிய உறையைப் பிரிக்கவே மாட்டார்கள். உறுதிமொழியில் போட வேண்டிய கையெழுத்தைச் சீட்டில் போட்டாலும் போச்சு, வாக்காளரைக் காட்டிக்கொடுக்கும் எந்தக் குறி இருந்தாலும் அந்த ஓட்டுச் செல்லாது. சான்றொப்பத்துக்கு அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர் வேண்டும். பயிற்சி நடக்கும் இடத்தில் ஓட்டுப்போட அமைக்கும் மையத்தில் அதற்கென்றே ஒருவர் இருப்பார், காசு எதுவும் கேட்கக் கூடாது.

வாக்குச்சாவடியில் இயந்திரத்தில் போடுகிறவர்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை. 17ஏ பதிவேட்டில் உங்களுக்கு ஒரு வரிசை எண் விழும், கையெழுத்தும் வாங்குவார்கள். ஆனால் விவிபேட் (போட்ட ஓட்டைச் சீட்டில் அச்சடித்துக் காட்டும் கருவி) கண்ணாடிக்குப் பின்னால் ஏழு விநாடி தெரிகிற சீட்டில் வேட்பாளரின் எண், பெயர், சின்னம்தான் இருக்கும். உங்களைப் பற்றி எதுவும் இருக்காது. பழைய 49ஓ விதி நினைவிருக்கலாம். யாருக்கும் ஓட்டு இல்லை என்பதைப் பதிவேட்டிலேயே எழுதிக் கையெழுத்திட வேண்டியிருந்தது. அது ரகசியத்தை உடைக்கிறது என்று சொல்லித்தான் 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் நோட்டா (இவர்களில் யாருக்கும் இல்லை) பொத்தானைக் கொண்டுவரச் சொன்னது.

வீட்டில் 85 வயது தாண்டியவர்களோ 40 சதவீதமோ அதற்கு மேலோ மாற்றுத்திறன் உள்ளவர்களோ இருந்தால், அறிவிக்கை வெளியான நாளிலிருந்து ஐந்து நாட்களுக்குள் படிவம் 12டி கொடுத்து வீட்டிலிருந்தே ஓட்டுப் போடலாம். ஓட்டு வாங்கும் குழு வீட்டுக்கு வரும்போது ஆள் இல்லாவிட்டால் இன்னொரு முறை வருவார்கள், அவ்வளவுதான். 12டி ஏற்கப்பட்டுவிட்டால் அதன்பிறகு வாக்குச்சாவடிக்குப் போய் ஓட்டுப் போட முடியாது. யோசித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.