மூத்தது மோழை, இளையது காளையா?

"மூத்தவன் சாது. சின்னவன் வீட்டையே ரெண்டாக்குகிறான். பிறந்த வரிசைதான் காரணமா?" என்று சேலத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

'மூத்தது மோழை, இளையது காளை' என்பது நம் பழமொழி. தம்பி தங்கை பிறந்ததும் அரியணை பறிபோன ஏக்கம் மூத்த பிள்ளையின் குணத்தை மாற்றுகிறது என்றார் வியன்னா மருத்துவர் ஆல்ஃபிரட் அட்லர். ஆனால் 2015-இல் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனியில் 20,000-க்கும் அதிகமானோரின் தரவுகளை அலசியபோது, கலகலப்பு, பதற்றம், பொறுப்பு, அனுசரணை எதிலும் வரிசையின் தடம் தெரியவில்லை. வீட்டில் மட்டும் ஏன் தெரிகிறது? 12 வயது அண்ணனையும் 7 வயது தம்பியையும் ஒரே நாளில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கிறோம். கண்ணில் படுவது வயது, பழி வரிசைக்கு.

ஒன்று மட்டும் மிஞ்சியது. அறிவுத்திறன் தேர்வுகளில் மூத்தவர்களுக்குச் சராசரியாக ஓரிரு புள்ளி கூடுதல். கருப்பையிலேயே ஏதாவது மாறுகிறதா, வளர்ப்பா? 2007-இல் நார்வேயின் பெட்டர் கிறிஸ்டென்சனும் தோர் பியெர்கெடாலும் இதற்கு விடை தேடிய விதம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். கட்டாய ராணுவ சேவைக்கு வந்த 2 லட்சத்துக்கும் அதிகமான இளைஞர்களின் மதிப்பெண்களைப் பிறப்புப் பதிவேடுகளோடு இணைத்தார்கள். அதில், அண்ணனோ அக்காவோ பச்சிளம் பருவத்திலேயே இறந்துபோன இரண்டாம் பிள்ளைகளைத் தனியே பிரித்தார்கள். அந்தத் தாய்க்கு அது இரண்டாவது பிரசவம். வீட்டிலோ அவன்தான் மூத்தவன். காரணம் கருப்பை என்றால் அவன் மதிப்பெண் இரண்டாமவர்களைப் போல இருக்க வேண்டும். இருந்ததோ மூத்தவர்களைப் போல! மூத்தவர் இருவரையும் இழந்த மூன்றாம் பிள்ளைக்கும் அப்படியே.

வளர்ப்பில் எது? பெற்றோரின் கவனம் ஒரு காரணமாக இருக்கலாம். உளவியலாளர் ராபர்ட் ஸயோன்ஸ் சொன்னது இன்னொன்று: சொல்லிக்கொடுப்பது. எங்கள் வீட்டில் அக்கா தம்பிக்குக் கூட்டல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். "ஏழும் அஞ்சும் பன்னெண்டு. ரெண்டைப் போட்டுட்டு ஒண்ணை மேலே எழுது." "ஏன் மேலே எழுதணும்?" என்றான் அவன். அவளுக்குப் பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, புளியங்கொட்டையைக் கொண்டுவந்து பத்துப் பத்தாகக் குவித்தாள். அந்தக் கணக்கு அவளுக்கே அன்றுதான் முழுசாகப் புரிந்தது. கடைக்குட்டிக்கு இப்படிக் கேள்வி கேட்க ஆளில்லை.

ஆனாலும் ஓரிரு புள்ளி மிகச் சிறிய வித்தியாசம். எத்தனையோ வீடுகளில் தம்பிதான் அதிகம் வாங்குவான். ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்துப் பார்த்தால்தான் இது தெரியும். நம் ஊரிலும் குடும்பங்களை முப்பது, நாற்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வுகளுக்கு அரசு தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பேன். அது இல்லாத இடத்தில்தான் 'தலைச்சனுக்குத் தலைச்சன் ஆகாது' என்று நல்ல வரன்களைத் தட்டிவிடுகிறார்கள். எந்த ஆதாரமும் இல்லாத ஒரு வாக்கியத்துக்காக இரண்டு பேரின் வாழ்க்கையை முடிவு செய்வது அநியாயம்.

சேலத்து அம்மாவுக்கு ஒரு யோசனை: மூத்தவன் இதே வயதில் என்னவெல்லாம் உடைத்தான் என்று அவன் பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள்.